வண்ணத்தில் ஆடும் வள்ளல்
குற்றால மலைச்சாரலின் சித்திர சபையும் குறவஞ்சிக் கலையும்

தில்லையில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை, திருவாலங்காட்டில் இரத்தின சபை. கூத்தப்பெருமான் திருநடம் புரியும் ஐம்பெரும் சபைகளில் இந்த நான்கும் பொன், வெள்ளி, தாமிரம், இரத்தினம் ஆகியவற்றால் பெயர் பெற்றவை. ஐந்தாவது சபைக்கு அத்தகைய விலையுயர்ந்த பெயர் எதுவும் இல்லை. குற்றால மலையடிவாரத்தில் உள்ள அந்தச் சபைக்குச் சித்திர சபை என்று பெயர். அங்கே ஆடல்வல்லானுக்குச் சுவரில் தீட்டிய வண்ணமே திருமேனியாக விளங்குகிறது.

பொன் தேய்ந்தால் உருக்கி மீண்டும் வார்க்கலாம். செம்பு கறுத்தால் புளியிட்டுத் துலக்கலாம். சுவரில் தீட்டிய சித்திரம் உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். பொருள்களிலெல்லாம் எளிதில் அழியக்கூடிய ஒன்றை இறைவன் தன் திருமேனியாக ஏற்றருளியிருக்கிறான். அவ்வாறாயின், அதைக் காக்கும் பொறுப்பு தலைமுறைதோறும் அடியார்களின் கையில் விடப்பட்டிருக்கிறது என்பதே பொருள்.

மார்கழித் திருவாதிரை நெருங்கும் வேளையில் சிங்கப்பூர் ஆலயங்களில் விடியற்காலையில் திருவெம்பாவை ஒலிக்கிறது. வடகிழக்குப் பருவமழை சிராங்கூன் சாலையை நனைத்துக்கொண்டிருக்கிறது. இதே மாதத்தில் சபரிமலைக்கு மாலையணிந்து புறப்படும் சிங்கப்பூர் அன்பர்களில் பலர், செங்கோட்டை வழியாகச் செல்லும்போது குற்றாலத்தில் நீராடுவது வழக்கம். அருவியில் நீராடுகிறார்கள், குற்றாலநாதரையும் தரிசிக்கிறார்கள், பின்னர் வண்டியேறிவிடுகிறார்கள். அருகிலேயே இருக்கும் சித்திர சபையைக் காணாமலேயே திரும்புவோர் அநேகர். அவர்களுக்கும், இனிச் செல்லவிருப்போருக்கும், இங்கிருந்தபடியே ஆலயத் திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் நல்கிவரும் உபயதாரர்களுக்கும் அந்த மலைச்சாரலின் கலைவளம் பயன்தரும் செய்தியாகும்.

திரிகூட மலையும் சங்கக் கோயிலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் இடத்தில் குற்றாலம் அமைந்துள்ளது. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது முதல் அம்மாவட்டத்தில் உள்ளது. மூன்று சிகரங்கள் கூடிநிற்பதால் இம்மலைக்குத் திரிகூட மலை என்று பெயர். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைப் பொழிந்துவிட்டு, மலைக் கணவாயைக் கடந்து இப்பக்கம் வரும்போது பூந்தூறலாகத் தூவுகிறது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் இந்தச் சாரல்தான் குற்றாலத்தின் தனிச்சிறப்பு. வெயிலும் தூறலும் மாறி மாறி வர, மலைமுகட்டில் மேகம் தவழ, பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி அருவி, தேனருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவி என நீர்வீழ்ச்சிகள் ஆர்ப்பரிக்கும்.

பேரருவியின் ஓசை கேட்கும் தொலைவிலேயே திருக்குற்றாலநாதர் திருக்கோயில் உள்ளது. இதன் அமைப்பு சங்கு வடிவில் இருப்பதால் சங்கக் கோயில் என்றும் வழங்குவர். அம்மை குழல்வாய்மொழி. தலமரம் குறும்பலா. திருஞானசம்பந்தப் பெருமான் இத்தலத்தைத் திருக்குற்றாலம் என்றும், தலமரத்தைக் குறும்பலா என்றும் தனித்தனியே பதிகம் பாடியிருக்கிறார். ஒரு மரத்துக்கெனத் தனிப் பதிகம் பெற்ற பெருமை இத்தலத்துக்கு உண்டு. திருமால் தலமாக இருந்த இவ்விடத்தில் அகத்திய முனிவர் திருமேனியின் முடிமேல் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குழைத்தார் என்பது தலபுராணம் கூறும் வரலாறு. சைவமும் வைணவமும் ஒரே திருமேனியில் கலந்திருக்கும் தலம் என்று அன்பர்கள் இதனைப் போற்றுகின்றனர்.

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தபோது மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சியாயிற்று. குறிஞ்சிக்குத் தெய்வம் சேயோன், மக்கள் குறவர், பறை தொண்டகம், யாழும் பண்ணும் குறிஞ்சி. நிலத்தைச் சொல்லும்போதே அதன் இசைக்கருவியையும் பண்ணையும் சேர்த்துச் சொன்ன மரபு அது. மலைக்குச் செல்பவன் காற்றையும் நீரையும் மட்டும் கண்டு திரும்பினால் பாதி மலையைத்தான் கண்டவனாவான் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

வண்ணமே திருமேனி

குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்று விலகி, தெப்பக்குளத்தின் கரையில் சித்திர சபை தனித்து நிற்கிறது. குளத்தின் நடுவே நீராழி மண்டபம். சபையின் கூரை தமிழகக் கோயில் விமானங்களைப் போன்றதன்று. மழை மிகுந்த மலைநாட்டுக்கு ஏற்ப, மரச் சட்டங்களின்மேல் செப்புத்தகடு வேய்ந்து நாற்புறமும் சரிந்து இறங்கும் கூரை அது. தொலைவிலிருந்து பார்ப்பவர் கேரளத்துக் கோயிலோ என்று எண்ணுவர். எல்லைப்புற மலைநாட்டில் இரு மரபுகளும் ஒன்றையொன்று தழுவியிருப்பதற்கு இக்கூரையே சான்று.

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் குறைகிறது. கண் பழகச் சிறிது நேரம் ஆகும். பழகியபின், மரத்தில் செதுக்கிய வேலைப்பாடுகளும், சுவரெங்கும் தீட்டிய உருவங்களும் ஒவ்வொன்றாகத் துலங்கும். நடுநாயகமாக, சிவகாமியம்மை உடனிருக்க ஆடும் கூத்தப்பெருமான். சுற்றுச் சுவர்களில் சிவபெருமானின் பல்வேறு கோலங்கள், திருவிளையாடற் காட்சிகள், தேவியின் வடிவங்கள், திருமாலின் கோலங்கள். காவிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கருமையும் கலந்து நிற்கும் அந்த உருவங்களில் விழிகள் அகன்றவை, அணிகலன்கள் நுணுக்கமானவை.

தென்னாட்டுச் சுவர்ச்சித்திரக்காரர்கள் கையாண்ட முறை பொறுமை மிகுந்தது. சுண்ணாம்பையும் மணலையும் பக்குவப்படுத்திச் சுவரில் பூசுவர். அதன்மேல் மெல்லிய வெண்பூச்சு இட்டு வழவழப்பாக்குவர். காவிக்கல்லிலிருந்து சிவப்பு, மஞ்சள் மண்ணிலிருந்து மஞ்சள், விளக்குப் புகைக்கரியிலிருந்து கருமை, சுண்ணாம்பிலிருந்து வெண்மை, பச்சை மண்ணிலிருந்து பச்சை என வண்ணங்கள் யாவும் மண்ணிலிருந்தும் மனையிலிருந்தும் கிடைத்தவையே. முதலில் கோட்டுருவம், பின்னர் வண்ணம், இறுதியில் கண் திறத்தல்.

திருவாதிரை விழா நாட்களில் இச்சபையில் நிகழும் தாண்டவ தீபாராதனை காணக் கிடைக்காத காட்சி. தீப ஒளி அசையும்போது சுவரிலுள்ள பெருமானும் அசைவது போலத் தோன்றும். பிற சபைகளில் சிலை உருவில் நிற்கும் பெருமான், இங்கே ஒளியிலும் நிழலிலும் ஆடுகிறான். ஓவியம் கோயிலுக்கு அழகு செய்யும் பொருள் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இத்தலத்திலோ ஓவியமே மூலப்பொருள். பூசை அதற்கே நடக்கிறது. கலையும் வழிபாடும் வேறல்ல என்பதை நூல்கள் சொல்லும். குற்றாலத்தில் அதைக் கண்ணால் காணலாம்.

மலைமகள் சொன்ன குறி

இம்மலைச்சாரல் தமிழுக்கு வழங்கிய மற்றொரு செல்வம் குற்றாலக் குறவஞ்சி. குற்றாலத்துக்கு அருகிலுள்ள மேலகரம் என்ற ஊரில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் இதனை இயற்றினார். மலையின் பெயரையே தம் பெயரில் தாங்கியவர் அவர். குற்றாலத் தலபுராணம், குற்றால மாலை, குற்றால யமக அந்தாதி எனப் பல நூல்களை இத்தலத்துக்கே பாடியிருப்பினும், அவரை மக்கள் நாவில் நிலைநிறுத்தியது குறவஞ்சியே. அக்காலத்தில் மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் கவிராயரைப் பாராட்டி நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சி மேடு என்றே பெயர் பெற்றது. அம்மன்னரின் ஆட்சிக்காலம் 1706 முதல் 1732 வரை என்பதால், குறவஞ்சி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுப் பழமையுடையது எனலாம்.

கதை எளிமையானது. குற்றாலநாதர் திருவுலா வருகிறார். தோழியரோடு பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள். தென்றலும் நிலவும் அவளை வாட்டுகின்றன. அப்போது கூடையும் கோலுமாகத் தெருவில் வருகிறாள் சிங்கி என்னும் குறத்தி. அவள் முதலில் தன் மலையின் வளத்தையும் குலத்தின் பெருமையையும் பாடுகிறாள். பின்னரே கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். நீ விரும்பியவர் குற்றாலநாதரே, அவரை நீ அடைவாய் என்று கூறிப் பரிசாக அணிகலன்கள் பெறுகிறாள். நூலின் பின்பகுதியில் அவளுடைய கணவன் சிங்கன், பறவை பிடிக்கக் கண்ணி வைத்தபடி மனைவியைத் தேடி அலைகிறான். கடைசியில் அவளைக் கண்டுபிடித்து, அவள் உடம்பில் மின்னும் புதிய நகைகளைப் பார்த்துத் திகைத்து, ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவளும் குறும்பாக ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறாள். கேட்போர் வயிறு குலுங்கச் சிரிக்கும் பகுதி அது.

இந்நூலின் பெருமை ஒன்றைச் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். பாட்டுடைத் தலைவர் சிவபெருமான். தலைவி உயர்குடிப் பெண். ஆயினும் நூலுக்குப் பெயர் தந்தவள் குறவஞ்சி, அதாவது குறத்தி. மலையில் கிழங்கு அகழ்ந்தும் ஊர் ஊராகக் குறி சொல்லியும் வாழ்ந்த எளிய குலத்துப் பெண்ணைக் கவிராயர் மேடையின் நடுவே நிறுத்தினார். இறைவனுடைய மணச்செய்தியை அவள் வாயால் சொல்ல வைத்தார். தினைப்புனம் காத்த குறமகள் வள்ளியை மணந்த முருகப்பெருமானை வழிபடும் மக்களுக்கு இது வியப்பளிக்காது. மலைநாட்டின் கலைக்கு மலைமக்களே உரிமையாளர் என்பதை இந்நூல் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

குறத்தியின் நாடோடி வாழ்வும் நினைக்கத்தக்கது. அவள் பல ஊர்களையும் நாடுகளையும் கடந்து வந்தவள். எங்கு நின்றாலும் அவள் முதலில் பாடுவது தன் மலையைத்தான். பிறந்த மண்ணை விட்டுக் கடல்கடந்து வந்த சிங்கப்பூர்த் தமிழர்க்கு இவள் அந்நியளல்லள். ஒரு காலத்தில் சிராங்கூன் சாலையின் நடைபாதையில் கிளிக்கூண்டோடு அமர்ந்து சீட்டெடுத்துப் பலன் சொன்ன சோதிடர்களைக் கண்டவர்கள், சிங்கியின் உறவினர் இங்கும் வந்து சேர்ந்ததை உணர்வர்.

கோயிலிலிருந்து மேடைக்கு

குறவஞ்சி நாடகங்கள் கோயில் விழாக்களில் ஆடப்பெற்றவை. தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியும், மயில்கள் உலவும் விராலிமலையில் விராலிமலைக் குறவஞ்சியும் நடிக்கப்பெற்றன. ஆடியவர்கள் கோயிலுக்கென வாழ்ந்த கலைக்குடும்பத்துப் பெண்கள். காலம் மாறியது. அவ்வழக்கம் ஒழிந்தபோது, அவர்களோடு சேர்ந்து ஆடலும் பாடலும் அழிந்துவிடுமோ என்ற நிலை ஏற்பட்டது.

அந்நிலையில் 1944ஆம் ஆண்டு, சென்னைக் கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி அருண்டேல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அமைத்தார். வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். கலாக்ஷேத்திரா வழங்கிய நாட்டிய நாடகங்களில் இதுவே முதலாவதாகும். மலைச்சாரலில் பிறந்த நூல் நகரத்து மேடைக்கு வந்தது. அங்கிருந்து உலகின் பல நாடுகளுக்கும் சென்றது.

குற்றாலத்திலேயே தங்கி அந்நூலை மக்களிடம் கொண்டு சேர்த்தவர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார். 1954ஆம் ஆண்டு மறையும் வரை அவருடைய குற்றால இல்லம் தமிழன்பர்கள் கூடும் இடமாக விளங்கியது. பாடலை உரையாசிரியர் விளக்கத்தோடு மட்டும் படிக்காமல், உரக்கப் பாடி, அதன் தாளத்தையும் நகைச்சுவையையும் சுவைக்க வேண்டும் என்று அவர் கற்பித்தார். இராஜாஜியும் கல்கியும் அவருடைய நண்பர்கள்.

சிங்கப்பூருக்கும் அக்கலைமரபு வந்து சேர்ந்தது. 1949ஆம் ஆண்டு தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகமும், கே.பி.பாஸ்கர், சாந்தா பாஸ்கர் தம்பதியர் வளர்த்த நாட்டியப் பள்ளியும் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கின. கலாக்ஷேத்திராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம், கணவர் சத்தியலிங்கத்தோடு 1977ஆம் ஆண்டு அப்சராஸ் கலைக்கூடத்தை நிறுவினார். நீலா சத்தியலிங்கமும் சாந்தா பாஸ்கரும் சிங்கப்பூர் அரசின் கலாசாரப் பதக்கம் பெற்றவர்கள். அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. அவர்களிடம் பயின்றோர் நவராத்திரி இரவுகளில் ஆலய மேடைகளில் ஆடும்போது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் கண்கள் விரிகின்றன.

மலைச்சாரலிலிருந்து சிங்கைக்கு

குற்றாலச் சாரல் வீசும் ஊர்களுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தொடர்பு கலையோடு முடிவதன்று. தென்காசி, கடையநல்லூர் முதலிய மலையடிவார ஊர்களிலிருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு வந்து குடியேறின. அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் அன்பர்கள். அவர்களுடைய கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946ஆம் ஆண்டு உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. சமயவேறுபாடு பாராமல் தமிழ்ப்பிள்ளைகள் அங்கு பயின்றனர். அப்பள்ளி 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டாலும், அதன் பெயரைத் தாங்கிய உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் பீட்டி சாலையில் இன்றும் இயங்கிவருகிறது. குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்தவர்கள், தாம் சேர்ந்த நாட்டில் முதலில் எழுப்பியவற்றுள் ஒன்று தமிழ்ப்பள்ளி என்பது பெருமைக்குரியது.

தென்காசி மன்னனின் வேண்டுகோள்

குற்றாலத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தொலைவில் தென்காசி உள்ளது. காசிக்குச் செல்ல இயலாத தென்னாட்டு மக்களுக்காக, பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டிய மன்னன் எழுப்பிய உலகம்மன் உடனுறை காசி விசுவநாதர் திருக்கோயில் அங்கு உள்ளது. ஆடும் பெருமான், வீரபத்திரர், மன்மதன், இரதி என ஆளுயரத்துக்கும் மேற்பட்ட சிற்பங்கள் அக்கோயில் தூண்களில் உயிரோடு நிற்கின்றன. மலைச்சாரலின் சித்திரத்தைக் கண்டவர்கள் சிற்பத்தையும் காண இங்கு வருதல் வேண்டும்.

சிற்பங்களைவிட உள்ளத்தை உருக்குவது அம்மன்னன் பொறித்துவைத்த வேண்டுகோள். பின்னொரு காலத்தில் இக்கோயிலுக்குப் பழுது நேருமாயின், அதனை முன்னின்று சீர்செய்து காப்பவர் எவராயினும், அவருடைய திருவடிகளில் தான் விழுந்து வணங்குவதாக அவன் கல்வெட்டில் கூறியிருக்கிறான். கோயில் கட்டிய அரசன் தன் புகழைக் கேட்கவில்லை. பின்வரும் பெயர் தெரியாத ஒருவருக்கு முன்கூட்டியே வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் அஞ்சியது நடந்தது. இராஜகோபுரம் பழுதுற்று, பல தலைமுறைகள் மொட்டையாகவே நின்றது. பொதுமக்களும் உபயதாரர்களும் முயன்று ஒன்பது நிலைகளோடு அதனை மீண்டும் எழுப்பி, 1990ஆம் ஆண்டு குடமுழுக்கு நடத்தினர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னன் சொன்ன வணக்கம் அவர்களைச் சென்றடைந்தது.

காத்தல் என்பது யாது?

பழுதுபார்ப்பவர் அனைவரும் காப்பவர் ஆவரா என்னும் வினாவை ஆலயத் திருப்பணியில் ஈடுபடும் ஒவ்வொருவரும் எழுப்பிப் பார்த்தல் நலம்.

சுவர்ச்சித்திரத்துக்குப் பகை பல. சாரல் தரும் ஈரம் சுவரினுள் இறங்கினால் சுண்ணாம்புப் பூச்சு உப்பி உதிரும். விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் ஆண்டுக்கணக்கில் படிந்து வண்ணத்தை மறைக்கும். வௌவால் எச்சம் அரிக்கும். பக்தியால் தொட்டு வணங்கும் கைகளின் வியர்வையும் எண்ணெயும் கறையாகும். இவையாவும் மெதுவாக நேரும் கேடுகள். விரைவாக நேரும் கேடோ நல்லெண்ணத்தால் வருவது. திருப்பணி என்ற பெயரில் பழைய சித்திரத்தின்மேல் வெள்ளையடித்துவிடுதல், கோடு மங்கிவிட்டதென்று கடையில் வாங்கிய எனாமல் வண்ணத்தைப் பூசிவிடுதல், கல்தூண்களை மணல்வீச்சு முறையால் தேய்த்துச் சிற்பத்தின் நுணுக்கத்தையும் கல்வெட்டின் எழுத்தையும் இழந்துவிடுதல் ஆகியவை தமிழகத்தின் பல கோயில்களில் நிகழ்ந்துள்ளன. இவற்றைச் செய்தவர் யாரும் தீயவரல்லர். குடமுழுக்குக்கு நாள் குறித்தாயிற்று, கோயில் புத்தம் புதிதாகப் பளபளக்க வேண்டும் என்ற ஆர்வமே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டியது.

தஞ்சைப் பெரிய கோயில் இதற்கொரு நல்ல பாடம். கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியில் நாயக்கர் காலத்துச் சித்திரங்கள் இருந்தன. 1931ஆம் ஆண்டு எஸ்.கே.கோவிந்தசாமி என்னும் அறிஞர், அவற்றின் அடியில் இராசராச சோழன் காலத்து ஓவியங்கள் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துத் தனியே காத்து, அடியிலிருந்த சோழர் ஓவியத்தையும் வெளிக்கொணர்ந்தனர். மேல் பூசியவர்கள் சுவரைச் சுரண்டியிருந்தால், சோழர் கால ஓவியம் இன்று நமக்குக் கிடைத்திருக்காது.

சிங்கப்பூர் ஆலயங்களுக்கு இச்செய்தி தொலைவானதன்று. 1827ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1973ஆம் ஆண்டிலும், சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயம் 1978ஆம் ஆண்டிலும், தேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் 2014ஆம் ஆண்டிலும் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்துவது மரபு. பெருமாள் ஆலயத்தில் 2018ஆம் ஆண்டும், மாரியம்மன் ஆலயத்தில் 2023ஆம் ஆண்டும் நடந்த குடமுழுக்குகளைக் கண்டவர்கள், தமிழகத்திலிருந்து வந்த சிற்பக் கலைஞர்கள் சாரத்தின்மேல் அமர்ந்து மாதக்கணக்கில் சுதைச்சிற்பங்களைச் சீர்செய்ததையும் அறிவர். ஆண்டு முழுவதும் மழையும் ஈரமும் நிறைந்த இந்நாட்டில், குற்றாலச் சுவருக்கு நேரும் அதே சோதனை நம் விமானங்களுக்கும் விதானச் சித்திரங்களுக்கும் நேர்கிறது.

ஆகவே திருப்பணிக் குழுவினரும் உபயதாரர்களும் சில நற்பழக்கங்களை மேற்கொள்ளலாம். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சுதைச்சிற்பத்தையும் சித்திரத்தையும் புகைப்படம் எடுத்து வைத்தல். பழைய வண்ணத்தின் கீழ் வேறு அடுக்கு உள்ளதா என்று ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்தல். வண்ணம் பூசுமுன் கூரைக்கசிவையும் சுவர் ஈரத்தையும் முதலில் சரிசெய்தல். ஸ்தபதியாரிடம் எந்தப் பூச்சு, எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டு எழுதிவைத்தல். உபயதாரர் பெயரைப் பலகையில் பொறிப்பதோடு, வேலைசெய்த சிற்பியின் பெயரையும் ஏட்டில் பதித்தல். இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. அடுத்த பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பொறுப்பேற்கும் குழுவினர் இவற்றைப் பார்த்து நன்றி கூறுவர்.

திருமேனி வேறு, அதைத் தாங்கும் இடம் வேறு என்பதையும் சிங்கப்பூர்த் தமிழர் அனுபவத்தால் அறிந்தவர்கள். ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஸ்ரீ சிவன் ஆலயம், பெருவிரைவு ரயில் பணிக்காக 1983ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, சில ஆண்டுகள் சிராங்கூன் சாலையில் பெருமாள் ஆலயத்துக்கு அருகில் இருந்து, 1993ஆம் ஆண்டு கேலாங் ஈஸ்ட்டில் புதிய ஆலயமாக எழுந்தது. கல்லும் செம்பும் இடம் மாறலாம். சித்திர சபையின் பெருமானை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது. அவன் அச்சுவரிலேயே இருக்கிறான். சுவர் உள்ளவரைதான் அத்திருமேனியும் இருக்கும்.

செல்வோர் கவனத்துக்கு

குற்றாலத்துக்கு மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சாலைவழி செல்லலாம். தென்காசியில் ரயில் நிலையம் உண்டு. சென்னையிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை விரைவு ரயில் இவ்வழியே செல்கிறது. சாரலைச் சுவைக்க ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். திருவாதிரை விழாவைக் காண மார்கழியே உகந்தது. அப்போது மலையில் மழை மிகுந்து அருவியில் வெள்ளம் பெருகினால் நீராடத் தடை விதிப்பர். அத்தடையை மதித்தல் உயிருக்கு நல்லது. நீராட இயலாத அந்நேரத்தைச் சித்திர சபையில் செலவிடலாம். அருகில் இலஞ்சிக் குமரன் கோயிலும், பண்பொழியில் குன்றின்மேல் அமர்ந்த திருமலைக் குமரன் கோயிலும் முருகனடியார்கள் தரிசிக்க வேண்டியவை.

சபையினுள் சுவரைத் தொடாமல் கைகூப்பி வணங்குவதே முறை. திருநீற்றையும் குங்குமத்தையும் தூண்களில் பூசுதல் கூடாது. படமெடுப்பதானால் அனுமதி பெற்று, ஒளிவிளக்கைத் தவிர்த்தல் வேண்டும். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வோர், புறப்படுமுன் குறவஞ்சிக் கதையைச் சொல்லி வைத்தால், அருவியையும் மலையையும் குரங்குகளையும் கண்டதும் அவர்களே சிங்கியை நினைத்துக்கொள்வர்.

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர் உயரமே உடையது. பொதிகைத் தொடரின் அகத்தியர் மலையோ 1,800 மீட்டருக்கும் மேல். மலை இல்லாத தீவில் வாழ்வோருக்கு மலைநாட்டுக் கலை கிட்டாமற் போகவில்லை. குறத்தியைப் போல அது நடந்தே வந்து நம் வாசலில் நிற்கிறது. ஆலய மேடையில் ஒரு சிறுமி பந்தாடும் வசந்தவல்லியாக அடவு பிடிக்கும்போதும், சாரத்தின்மேல் ஒரு சிற்பி சுதைச்சிற்பத்துக்குக் கண் திறக்கும்போதும் திரிகூட மலையின் சாரல் இங்கும் சற்றே தூவுகிறது.

தென்காசி மன்னன் கல்லில் பொறித்த வணக்கம் இன்னும் முடிந்துவிடவில்லை. பழுதறிந்து காக்கும் ஒவ்வொருவருக்கும் அது உரியது. சிங்கப்பூர் ஆலயங்களின் திருப்பணியில் கைகொடுக்கும் மெய்யன்பர்களும் அவ்வணக்கத்துக்கு உரியவராகும் வண்ணம், சித்திரத்தில் ஆடும் பெருமான் திருவருள் புரிவானாக.